சென்சார் ‘பென்டிங்’கிலேயே நிற்கிறது: ஐபிஎஸ் பெட்டியைக் கன்சோலோடு இணைக்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

ஐபிஎஸ் என்பது நெட்வொர்க்கில் வரும் தாக்குதலைக் கண்டுபிடித்துத் தடுக்கிற பெட்டி; அதைத்தான் சென்சார் என்கிறோம். அதைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பது கன்சோல்; இங்கே அது ஃபயர்பவர் மேனேஜ்மென்ட் சென்டர், சுருக்கமாக எஃப்எம்சி. கேள்வி இது: “தலைமை அலுவலகத்தில் சிஸ்கோவின் ஃபயர்பவர் மேனேஜ்மென்ட் சென்டர் ஓடுகிறது. கிளை அலுவலகத்துக்குப் புதிதாக வாங்கிய ஐபிஎஸ் பெட்டியை அதில் சேர்க்க மூன்று நாளாக முயல்கிறேன். பெட்டியில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் பென்டிங்’ என்றே நிற்கிறது. கன்சோலில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் தோல்வி என்கிறது. பிங் போகிறது. கீயும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். நாலு தடவை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தும் பார்த்தாயிற்று. எங்கே தப்பு?”

முதல் வேலையாக அழித்து அழித்துச் சேர்ப்பதை நிறுத்துங்கள். நாலு தடவை ஆகாதது ஐந்தாவது தடவையும் ஆகாது. போதாக்குறைக்கு, ஒரு பக்கம் நேற்றைய கீயும் மறுபக்கம் இன்றைய கீயுமாக, இல்லாத சிக்கலை நாமே உண்டாக்கிக்கொள்வோம். என் அனுபவத்தில் பென்டிங் என்று நிற்கிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியிலும் கோளாறு இல்லை, கன்சோலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வழியில்தான் கோளாறு. அந்த வழியைக் கண்ணால் பார்க்காமல் இரண்டு முனையிலும் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் மூன்று நாள் என்ன, மூன்று வாரமும் போகும்.

எஃப்எம்சிக்கும் சென்சாருக்கும் இடையே பாலிசி இறங்குவது, ரூல் அப்டேட் போவது, அலெர்ட் மேலே வருவது, ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று விசாரிப்பது எல்லாமே எஸ்எஃப்டனல் என்கிற ஒரே டிஎல்எஸ் குழாய் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாகத்தான். போர்ட் டிசிபி 8305. பெயரின் முன்னால் நிற்கிற ‘எஸ்எஃப்’ சோர்ஸ்ஃபயர். மார்ட்டின் ரோஷ் 1998-இல் எழுதிய ஸ்நார்ட் என்கிற தாக்குதல் கண்டறியும் மென்பொருளை வைத்து 2001-இல் தொடங்கிய கம்பெனி அது. 2005-இல் இஸ்ரேலின் செக் பாயின்ட் 22.5 கோடி டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பரிசீலனையில் மாட்டி 2006-இல் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. கடைசியில் 2013-இல் சிஸ்கோ 270 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. கன்சோலின் பெயர் டிஃபென்ஸ் சென்டர், ஃபயர்சைட், ஃபயர்பவர், இப்போது செக்யூர் ஃபயர்வால் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே தோண்டினால் இன்றைக்கும் பழைய வீட்டுப் பெயர்தான் எட்டிப் பார்க்கிறது.

இந்தக் குழாயை எந்தப் பக்கமும் திறக்கலாம். கன்சோலும் 8305-இல் காது கொடுத்துக் காத்திருக்கும், சென்சாரும் காத்திருக்கும். இருவருமே மற்றவரைக் கூப்பிட்டும் பார்ப்பார்கள். நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் ரூல் போடுகிற நண்பர் ‘கன்சோல்தானே மேனேஜ் பண்ணுகிறது’ என்று கன்சோலிலிருந்து சென்சாருக்கு மட்டும் திறந்துவிட்டுப் போவார். சில இடங்களில் அதிலேயே வேலை முடிந்துவிடும், சில இடங்களில் முடியாது. 8305-ஐ இரண்டு திசையிலும் திறக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பிங் போவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிங் போனால் தெரு இருக்கிறது என்று தெரியும். கதவு திறந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது.

இனி கீ. சென்சாரில் ‘கான்ஃபிகர் மேனேஜர் ஆட்’ என்ற கமாண்டில் கன்சோலின் ஐபி, அதன் பின்னால் ரெஜிஸ்ட்ரேஷன் கீ, தேவைப்பட்டால் நேட் ஐடி என்று மூன்று விஷயங்கள் கொடுக்கிறோம். கீ நாமே வைக்கிற ஒரு சொல்தான். 37 எழுத்துவரை போகலாம். ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆச்சரியக்குறி, டாலர் குறி என்று பாஸ்வேர்டுக்குப் போடுகிற அலங்காரம் இங்கே வேண்டாம். இந்தக் கீ ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். முதல் சந்திப்பில் ‘நீ நான் எதிர்பார்த்த ஆள்தானா’ என்று இரு பக்கமும் உறுதி செய்துகொள்ள மட்டுமே. அது முடிந்ததும் கன்சோல் தன் சொந்த சான்றிதழ் அதிகாரத்திலிருந்து சென்சாருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதற்கப்புறம் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது சான்றிதழை வைத்துத்தான். பத்து சென்சாருக்கும் ஒரே கீயைக் கொடுத்தாலும் தப்பில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கீயை காப்பி அடித்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வருவது மட்டும் அடிக்கடி நடக்கிறது. ‘சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்’ என்று நீங்கள் எழுதியிருப்பதால் சொல்கிறேன்: கையால் தட்டச்சு செய்து ஒரு தடவை பாருங்கள்.

நேட் ஐடியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கன்சோலுக்கு ஒரு இணைப்பு வந்தால், இது யாருடையது என்று வந்த ஐபியை வைத்துத்தான் பார்க்கும். கிளை அலுவலகப் பெட்டியின் மேனேஜ்மென்ட் ஐபி 10.20.5.4 என்று நீங்கள் கன்சோலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு ரவுட்டர் அதை வேறு ஐபியாக மாற்றி அனுப்பினால் (இதற்குப் பெயர்தான் நேட்), கன்சோலுக்கு அது யாரோ ஒரு வழிப்போக்கன். கதவைத் திறக்காது. அந்த இடத்தில் அடையாளச் சீட்டாக இருப்பதுதான் நேட் ஐடி. இரண்டு பக்கமும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால், ஐபி எப்படி மாறி வந்தாலும் ‘இது நம்ம ஆள்’ என்று தெரிந்துகொள்ளும். கீ போல இதைப் பத்துப் பெட்டிக்குப் பொதுவாக வைக்கக் கூடாது. பெட்டிக்கு ஒன்று தனித்தனியாக இருக்க வேண்டும், முக்கியமாகப் பல கிளைகள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருந்தால். கன்சோலே நேட்டுக்குப் பின்னால் இருந்து, சென்சாரால் அதை நேரடியாகக் கூப்பிட முடியாது என்றால், ஐபி எழுத வேண்டிய இடத்தில் ‘டோன்ட்ரிசால்வ்’ என்று எழுதி நேட் ஐடியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒளிந்துகொண்டிருந்தால் நடக்காது. யாராவது ஒருவருக்காவது மற்றவர் வந்து தட்டக்கூடிய முகவரி இருந்தாக வேண்டும்.

உங்கள் கேள்வியில் நேட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லை என்று உறுதியாகத் தெரியுமா, அல்லது பார்க்கவில்லையா? கிளை அலுவலக இணைப்பு விபிஎன் வழியாக என்றால் சில இடங்களில் இரண்டு முனைகளிலும் ஒரே 192.168.1 என்ற வரிசை இருந்து, மோதல் தவிர்க்க யாரோ எப்போதோ நேட் போட்டிருப்பார்கள். போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். டயக்ராமில் அது இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். சென்சாரின் கமாண்ட் லைனில் ‘கேப்சர்-டிராஃபிக்’ என்று கொடுத்தால் எந்த வழி என்று கேட்கும். மேனேஜ்மென்ட் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டியில் ‘போர்ட் 8305’ என்று போடுங்கள். அதே நேரம் கன்சோலின் உள்ளே எக்ஸ்பெர்ட் மோடில் போய், பாக்கெட் பிடிக்கிற டிசிபிடம்ப்பை அதே போர்ட்டில் ஓட விடுங்கள். இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கன்சோலில் டிவைஸ் சேர்க்கிற பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். டீ ஆறுவதற்குள் விடை தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் இணைப்பைத் தொடங்கக் கேட்கிற சின் பாக்கெட் மட்டும் கிளம்பி, பதிலே வராமல் 1 நொடி கழித்து, பிறகு 2 நொடி, பிறகு 4 நொடி என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் போனால், நடுவில் எவனோ சத்தமில்லாமல் விழுங்குகிறான். ஃபயர்வால் ரூல், அல்லது திரும்பி வரும் ரூட் இல்லை. எதிர் ஜன்னலில் அந்த சின் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். வந்து சேர்ந்து, பதிலும் கிளம்பி, முதல் ஜன்னலுக்கு வரவில்லை என்றால் திரும்பு வழிதான் தப்பு. சென்சாரின் மேனேஜ்மென்ட் கேட்வேயைச் சரிபாருங்கள். மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குத் தனி ரூட் டேபிள் என்பதை மறந்து, டேட்டா பக்கத்து ரூட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை அதைச் செய்திருக்கிறேன்.

சின் போன கையோடு இணைப்பை மறுக்கிற ரீசெட் பாக்கெட் திரும்பி வந்தால் அது வேறு கதை. பாக்கெட் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கேட்க ஆளில்லை, அல்லது நடுவில் இருக்கிற பெட்டி முகத்துக்கு நேராக மறுக்கிறது. சென்சார் பக்கம் மேனேஜரைச் சேர்க்கும் கமாண்டையே யாரும் கொடுக்காமல் கன்சோலில் மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான். ‘ஷோ மேனேஜர்ஸ்’ போட்டுப் பாருங்கள். ‘நோ மேனேஜர்ஸ் கான்ஃபிகர்ட்’ என்று வந்தால் நீங்கள் கொடுத்தது பதியவில்லை. ‘மேனேஜ்ட் லோக்கலி’ என்று வந்தால் பெட்டி தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. அதை விடுவித்துத்தான் கன்சோலுக்கு மாற்ற முடியும். அப்படி மாற்றும்போது பெட்டியில் அதுவரை செய்த அமைப்பு அழியும். புதுப் பெட்டி என்றால் கவலை இல்லை. ஓடுகிற பெட்டி என்றால் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் பெட்டியில் பென்டிங் என்று வருவதால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

மூன்றாவது காட்சிதான் ஆட்களை இரவெல்லாம் உட்கார வைப்பது. சின் போகிறது, பதில் வருகிறது, கை குலுக்கல் முடிகிறது, டிஎல்எஸ் ஹலோவும் போகிறது. அதன் பிறகு அமைதி. கொஞ்ச நேரம் கழித்து இணைப்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து. சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கிளைக்கு இப்படித்தான் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். போர்ட் திறந்திருக்கிறது, கீ சரி, நேரம் சரி, வெர்ஷன் சரி. மூன்றாம் நாள் காலையில்தான் கேப்சரில் பாக்கெட்டின் அளவைக் கவனித்தேன். சின்னச் சின்னப் பாக்கெட்டெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. சான்றிதழைச் சுமந்துகொண்டு கிளம்பிய முழு நீள 1500 பைட் பாக்கெட் ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை. நடுவில் இருந்தது விபிஎன்னுக்கான ஐபிசெக் டனல். அது தன் தலைப்பைச் சேர்த்தால் 1500 தாண்டிவிடும். உடைக்கக் கூடாது என்ற குறியோடு வருகிற பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் இருந்த இன்னொரு ஃபயர்வால் பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்துக்கொண்டிருந்தது. சாதாரண பிங் சின்னது, அதனால் சிரித்துக்கொண்டே போய் வந்தது. உடைக்காதே என்ற குறி வைத்து 1472 பைட் அளவில் பிங் அடித்தபோது ஒரு பதில்கூட இல்லை. 1472 ஏன் என்றால், அதோடு ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் 1500. அளவைக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே பதில் வருகிறது என்று பார்த்து, ‘கான்ஃபிகர் நெட்வொர்க் எம்டியூ’ கமாண்டால் சென்சாரின் மேனேஜ்மென்ட் போர்ட்டின் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1350-க்கு இறக்கினேன். அடுத்த முயற்சியில் சேர்ந்துவிட்டது.

உங்கள் கிளை விபிஎன்னில் இருந்தால் இதை முதலிலேயே பாருங்கள். பிங் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு பெரிய பிங் என்று எழுதவில்லை.

டிஎல்எஸ் வரை வந்து தோற்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ ப்ராக்ஸியோ டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்த்து மறுபடி மூடி அனுப்புகிற வகை என்றால், எஸ்எஃப்டனல் ஒத்துக்கொள்ளாது. இரு பக்கமும் ஒருவர் சான்றிதழை மற்றவர் சோதிக்கிற இடத்தில் மூன்றாம் ஆள் புகுந்தால் நம்பிக்கை போய்விடும். 8305-க்கு அந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு கேளுங்கள்.

இரண்டாவது நேரம். ஸ்டோரில் ரொம்ப நாள் கிடந்த பெட்டியைத் திறந்தால் அதன் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்தில் நிற்கும். ஸ்நாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய விர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். கன்சோல் இன்று கொடுக்கும் சான்றிதழ், சென்சாரின் கணக்குப்படி இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றிதழை அது எப்படி ஏற்கும்? சென்சாரில் ‘ஷோ டைம்’ அடித்துக் கன்சோலோடு ஒப்பிடுங்கள். நேர மண்டலம் வேறாக இருந்தால் பரவாயில்லை, யூடிசி ஒன்றாக இருக்க வேண்டும். கன்சோலை நேரம் கொடுக்கிற நம்பகமான என்டிபி சர்வரோடு கட்டி வையுங்கள்.

சான்றிதழ் என்றதும் ஒரு இடைச்செருகல். கன்சோலின் உள்ளே இருக்கும் அந்தச் சான்றிதழ் அதிகாரத்துக்கு ஆயுள் 10 வருஷம். நிறுவிய நாளிலிருந்து கணக்கு. வெர்ஷன் மேல் வெர்ஷன் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய கன்சோல்கள் அந்த எல்லையைத் தொடுகின்றன. காலாவதியானால் சேர்ந்திருக்கும் எல்லாச் சென்சாரோடும் பேச்சு நின்றுபோகலாம். எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போதே புதுப்பிப்பது சுலபம். அறுந்த பிறகு பெட்டி பெட்டியாகப் போய் ஒட்ட வேண்டும். உங்கள் கன்சோல் எப்போது நிறுவியது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெர்ஷன் விஷயம் சுருக்கமானது. கன்சோல் தன்னைவிடப் புதிய வெர்ஷன் சென்சாரை மேய்க்காது. சமமாகவோ, ஓரளவு பழையதாகவோதான் இருக்கலாம். புதுப் பெட்டி 7.2-இல் வந்திருக்கிறது, கன்சோல் 7.0-இல் இருக்கிறது என்றால் முதலில் கன்சோலை ஏற்ற வேண்டும். லைசென்ஸ் பற்றி இந்தக் கட்டத்தில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 90 நாள் மதிப்பீட்டு நிலையிலேயே சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இணைந்துவிட்டதா என்று கன்சோலில் வரும் பச்சை டிக்கை மட்டும் நம்பாதீர்கள். சென்சாரில் ‘எஸ்எஃப்டனல்-ஸ்டேட்டஸ்-ப்ரீஃப்’ கொடுங்கள். எஸ்எஃப்டனலுக்கு உள்ளேயே சேனல் ஏ, சேனல் பி என்று இரண்டு பாதைகள் வரும். ஏ கட்டளைக்கு, பி அலெர்ட்டுகளுக்கு. ஏ மட்டும் உயிரோடு இருந்து பி இல்லை என்றால், பாலிசி அழகாக இறங்கும், கன்சோலில் பெட்டி ஆரோக்கியமாகத் தெரியும், ஆனால் ஒரு அலெர்ட்கூட மேலே வராது. ‘நம்ம நெட்வொர்க்கில் தாக்குதலே இல்லை சார்’ என்று மகிழ்ந்து மாத ரிப்போர்ட் எழுதிய இடங்கள் உண்டு. அலெர்ட்டுக்கு என்று பெட்டியில் தனி கேபிள் போர்ட் ஒதுக்கிய அமைப்புகளில் இது கூடுதலாக நடக்கிறது, ஏனென்றால் ஃபயர்வாலில் அந்த இரண்டாவது ஐபிக்கு ரூல் போட மறந்திருப்பார்கள். அதே மாதிரி கன்சோல் இரட்டையாக, ஒன்று விழுந்தால் இன்னொன்று என்று இருந்தால், சென்சாரை ஆக்டிவாக இருப்பதில் மட்டும் சேர்த்தால் போதும், மற்றது தானாக அறிந்துகொள்ளும். ஆனால் இரண்டாவதின் ஐபிக்கும் 8305 திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கன்சோல் விழுகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பெட்டியைச் சேர்க்கும்போதே எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஆக்சஸ் கன்ட்ரோல் பாலிசி ஒன்றைக் கன்சோல் கேட்கும். கையில் ஏதும் இல்லை என்றால் அங்கேயே புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும். ‘எல்லாவற்றையும் தடு’ என்பதும் அதில் ஒரு தேர்வு. பாதுகாப்புப் பெட்டிதானே, தடுப்பதுதானே நல்லது என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துபோவது எளிது. ஐபிஎஸ்ஸாக மட்டும் நிறுத்தப்போகிற பெட்டிக்கு, கடைசி நடவடிக்கையாக ‘இன்ட்ரூஷன் ப்ரிவென்ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போக்குவரத்தை விட்டு, சந்தேகமானதை மட்டும் பார்க்கும். அடிப்படைப் பாலிசியாக பேலன்ஸ்டு செக்யூரிட்டி அண்ட் கனெக்டிவிட்டி என்பதில் தொடங்குங்கள். மேக்ஸிமம் டிடெக்ஷன் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சோதனைச் சாலைக்கு நல்லது, சம்பளம் போடுகிற நாளில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நல்லதல்ல.

இந்த இடத்தில் நான் பட்ட அடி ஒன்று. ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். சென்சார் கன்சோலோடு நன்றாகச் சேர்ந்தது. இரண்டு போர்ட்டை ஜோடியாக்கி, போக்குவரத்து பெட்டியின் வழியாகவே போகிற இன்லைன் செட் அமைத்து, கோர் ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தோம். பாலிசியில் தேவையான போர்ட்டுகளுக்கு அனுமதி, கடைசியில் எல்லாவற்றுக்கும் தடை. பாலிசியைப் பெட்டிக்கு இறக்குகிற டிப்ளாய் பட்டனை அழுத்தினேன். சில நிமிஷத்தில் கன்சோலில் அந்தப் பெட்டி சிவப்பானது. மறுபடி பாலிசியைத் திருத்தி அனுப்பலாம் என்றால், அனுப்ப வழி இல்லை. காரணம், சென்சாரின் மேனேஜ்மென்ட் கேபிள் சொருகியிருந்தது அதே கோர் ஸ்விட்ச்சில். கன்சோல் இருந்தது ரவுட்டருக்கு அந்தப் பக்கம், தலைமை அலுவலகத்தில். அதாவது சென்சார் தன் கன்சோலோடு பேசுகிற பேச்சே தன் வயிற்றின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அனுமதிப் பட்டியலில் 8305-ஐ நான் எழுதவில்லை. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டின கதை. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஓடிப்போய் இரண்டு கேபிளையும் உருவி, ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் நேராக ஒரே கேபிளில் சேர்த்த பிறகுதான் கன்சோலில் பெட்டி மறுபடி முகம் காட்டியது.

அதிலிருந்து, கேபிள் சொருகுவதற்கு முன் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்க்கிறேன்: சென்சாரின் மேனேஜ்மென்ட் போர்ட்டிலிருந்து கன்சோல் வரை விரலை வைத்துக்கொண்டே போனால், அந்தச் சென்சாரின் இன்லைன் ஜோடியை விரல் தொடுகிறதா? தொட்டால் வழியை மாற்ற வேண்டும். மாற்ற முடியாத கிளை அலுவலகம் என்றால் பாலிசியின் முதல் ரூலாக, ஆய்வுக்கு முன்னால் வரும் ப்ரீஃபில்டரிலேயே, கன்சோலுக்கும் சென்சாருக்கும் இடையே 8305-ஐ ஆய்வில்லாமல் விட்டுவிடச் சொல்ல வேண்டும். உங்களுடையதும் கிளை அலுவலகம்தான். சேர்ந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது.

இன்லைன் செட்டை முதல் நாளே தடுக்கிற நிலையில் விடாதீர்கள். டேப் மோட் என்று ஒரு வசதி இருக்கிறது. கேபிள் இன்லைனில்தான் இருக்கும், ஆனால் சென்சார் பாக்கெட்டின் நகலைத்தான் ஆராயும், அசலைத் தொடாது. ட்ராப் செய்ய வேண்டிய ரூல் அடித்தால் ‘தடுத்திருப்பேன்’ என்று அலெர்ட்டில் எழுதும். இரண்டு வாரம் இப்படி ஓடவிடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் பழைய பயோமெட்ரிக் வருகைப் பதிவு மென்பொருள், பேக்கப் ஏஜென்ட், பிரின்டர் எல்லாம் தாக்குதல்காரர்களாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு டேப்பை எடுங்கள். மேலதிகாரி ‘வாங்கின பெட்டி தடுக்கவே இல்லையாமே’ என்று கேட்டால் அந்தப் பட்டியலையே காட்டலாம். பேசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பெட்டியின் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சில மாடல்களில் ஃபெயில்-டு-வயர் என்ற நெட்வொர்க் மாட்யூல் போடலாம். கரண்ட் போனாலும் இரண்டு போர்ட்டும் உள்ளுக்குள் நேராக ஒட்டிக்கொண்டு போக்குவரத்து ஓடும். அது இல்லாத சாதாரண போர்ட் என்றால் பெட்டி அணைந்தால் இணைப்பும் அணையும். ஸ்நார்ட் ப்ராசஸ் மட்டும் விழுந்தாலோ, திணறினாலோ விடுவதா தடுப்பதா என்பதற்கு ‘ஸ்நார்ட் ஃபெயில் ஓப்பன்’ என்று இரண்டு டிக் இருக்கின்றன, ஒன்று டவுன், இன்னொன்று பிஸி. பாலிசி டிப்ளாய் ஆகும்போது சில மாற்றங்களுக்கு ஸ்நார்ட் மறுபடி தொடங்கும். அந்தச் சில நொடியில் என்ன நடக்கிறது என்பதையும் டவுன் டிக்தான் தீர்மானிக்கிறது. டிப்ளாய் அழுத்துமுன் ‘இது ஸ்நார்ட்டை ரீஸ்டார்ட் பண்ணும்’ என்று கன்சோல் எச்சரிக்கும். அதைப் படியுங்கள்.

கன்சோலே விழுந்தால் சென்சார் நின்றுவிடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். நிற்காது. கடைசியாக இறங்கின பாலிசியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டும் தடுத்துக்கொண்டும் இருக்கும். அலெர்ட்டுகளை இடம் இருக்கும்வரை தன்னிடம் சேர்த்து வைத்துக் குழாய் திரும்பியதும் அனுப்பும். அதனால் கன்சோலோடு தொடர்பு போனதும் பதறிப்போய்ப் பெட்டியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். கன்சோலின் ஐபி மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அழித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. புது வெர்ஷன்களில் ‘கான்ஃபிகர் மேனேஜர் எடிட்’ என்று இருக்கிறது. ஐபியை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம்.

வேறு கம்பெனிப் பெட்டிகளிலும் இதே கதைதான், கதாபாத்திரங்களின் பெயர்தான் வேறு. மெக்காஃபியாக இருந்து இப்போது ட்ரெலிக்ஸ் என்றாகிவிட்ட ஐபிஎஸ்ஸில் கீக்குப் பதில் ஷேர்டு சீக்ரெட். அங்கே சென்சாரின் பெயரும் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். டிப்பிங்பாயின்ட்டில் கன்சோலே சூப்பர்யூசர் கணக்கோடு பெட்டிக்குள் நுழைந்து அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். போர்ட் எண்கள் மாறும். இரண்டு ஜன்னலில் கேப்சர் ஓடவிட்டுப் பார்க்கிற முறை எதிலும் மாறாது.

உங்களுக்கு இன்றைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதலில் 1472 பைட் பிங், உடைக்காதே என்ற குறியோடு. அது போகவில்லை என்றால் எம்டியூ. போனால் இரு பக்கக் கேப்சர். அதில் சின் எந்த ஜன்னலில் நிற்கிறது, அல்லது ஹலோவுக்குப் பின் எந்தப் பாக்கெட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த நாலைந்து வரியை ஐபியை மறைத்து இங்கே போடுங்கள். சென்சாரின் ‘ஷோ டைம்’, கன்சோலின் நேரம், இரண்டின் வெர்ஷன் எண்ணையும் சேர்த்துப் போட்டால் மிச்சத்தைப் பார்த்துவிடலாம்.